‘இதோ, இங்கே இருக்கேன்!’ - குட்டி விமானங்களுக்குக் குரல் கொடுத்த பெட்டி

2024 அக்டோபர் 11, மாலை நேரம். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பேருடன் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே வட்டமடித்தது. டி.வி முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம். மொபைலில் அந்த விமானத்தைத் தேடிப் பிடித்து, அது போடும் வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இன்னொரு பக்கம். வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அந்த வட்டப் படம்தான். இரவு 8 மணிக்கு மேல் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகுதான் பலருக்கும் மூச்சே வந்தது.

அந்த வட்டங்களை உங்கள் மொபைலுக்கு அனுப்பியது யார்? விமான நிலையத்து ரேடார் இல்லை. அந்த விமானமேதான்! ‘நான் இங்கே இருக்கேன், இவ்வளவு உயரத்தில் இருக்கேன், இந்த வேகத்தில் போறேன்’ என்று அது விடாமல் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தது. வீட்டு மாடியில் சின்ன ஆன்டெனா வைத்திருக்கும் ஆர்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய ரிசீவர்கள் அதைக் கேட்டு இன்டர்நெட்டில் ஏற்றுகின்றன. வளைகுடாவிலிருந்து வரும் மகன் எப்போது இறங்குவான் என்று ஆப்பில் பார்க்கும் அம்மாக்களுக்கு அந்தச் செய்திதான் மஞ்சள் நிறக் குட்டி விமானமாகத் தெரிகிறது.

இப்படிப் பேசும் பெட்டியின் பெயர் டிரான்ஸ்பாண்டர். கோடிக்கணக்கில் விலையுள்ள பயணிகள் விமானத்தில் அது இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக ஒருவர் ஓட்டும் நாலு சீட் குட்டி விமானத்தில்? அதில் எந்த மாதிரி பெட்டி இருக்க வேண்டும், அதற்கு யார் செலவு செய்வது என்பதில்தான் அமெரிக்காவில் பல வருடங்கள் பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

நம் ஊரில் சொந்த விமானம் என்றால் தொழிலதிபர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் அப்படியில்லை. பயணிகள் சேவையும் ராணுவமும் இல்லாத விமானங்கள் மட்டும் அங்கே ஏறத்தாழ 2 லட்சம். பள்ளி ஆசிரியர், பல் டாக்டர், விவசாயி என்று யார் வேண்டுமானாலும் 1970-களில் செய்த பழைய செஸ்னா 172 ஒன்றை வாங்கி, ஊர்க்கோடி ஓடுபாதையில் கொட்டகை பிடித்து நிறுத்தியிருப்பார். நம் வீட்டு அம்பாஸடர் மாதிரி. 1956 முதல் இன்றுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கும் மாடல் அது.

அந்தப் பழைய விமானங்களின் டேஷ்போர்டில் கேடி 76ஏ என்றொரு பெட்டியைப் பார்க்கலாம். நாலு திருகு குமிழ். ஒவ்வொன்றிலும் 0 முதல் 7 வரை எண்கள். 8-ம் 9-ம் கிடையாது. ஆக மொத்தம் 4,096 குறியீடுகள். கன்ட்ரோலர் ‘4-5-2-1’ என்று சொன்னால் பைலட் அதைத் திருகி வைக்க வேண்டும். யாரிடமும் பேச்சில்லாமல் சும்மா ஊர் சுற்றுகிறவர்களுக்கு 1200. மூன்று எண்கள் மட்டும் விசேஷமானவை. 7500 என்றால் கடத்தல், 7600 என்றால் ரேடியோ வேலை செய்யவில்லை, 7700 என்றால் ஆபத்து. குமிழைத் திருகும்போது தவறியும் அந்த எண்களைத் தொட்டுவிடாதே என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

எண் வைப்பதை ‘ஸ்குவாக்’ என்கிறார்கள். கிளி கத்துவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையில் தெரியும் புள்ளி நம்மவரா, எதிரியா என்று தெரியாமல் பிரிட்டிஷார் திண்டாடினார்கள். அதற்காகத் தங்கள் விமானங்களில் பதில் சொல்லும் கருவியை வைத்தார்கள். அதற்கு ரகசியப் பெயர் ‘கிளி’. கருவியை அணைத்துவிடு என்பதற்கு ‘கிளியின் கழுத்தை நெரி’ என்பார்களாம்! போர் முடிந்து 80 வருடம் ஆகியும் கிளி மட்டும் காக்பிட்டை விட்டுப் போகவில்லை.

சாதாரண ரேடார் என்பது மலையைப் பார்த்துக் கூவி எதிரொலி கேட்பது மாதிரி. ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும். அது யார், எவ்வளவு உயரத்தில் என்பது தெரியாது. டிரான்ஸ்பாண்டர் இருந்தால், இருட்டில் ‘யாரது?’ என்று குரல் கொடுத்ததும் ‘நான்தான் பெரியப்பா’ என்று பதில் வருகிற மாதிரி. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி, விமானத்திலிருந்து 1090 மெகாஹெர்ட்ஸில் பதில்.

அந்தப் பதிலில் ‘எவ்வளவு உயரம்’ என்பது விட்டுப்போனால் என்ன ஆகும்?

82 உயிர்கள்

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை வாரம். லாஸ் ஏஞ்சலஸ் அருகே டோரன்ஸ் என்ற சிறிய விமான நிலையத்திலிருந்து பைப்பர் ஆர்ச்சர் என்ற ஒற்றை இன்ஜின் விமானம் பிக் பேர் என்ற மலையூரை நோக்கிக் கிளம்பியது. உள்ளே அப்பா, அம்மா, மகள். அதே நேரத்தில் மெக்ஸிகோவிலிருந்து 64 பேருடன் ஏரோமெக்ஸிகோ டிசி-9 ஜெட் லாஸ் ஏஞ்சலஸில் இறங்க வந்துகொண்டிருந்தது.

பெரிய விமானங்களுக்காக ஒதுக்கப்பட்ட வான்வெளிக்குள் அந்தக் குட்டி விமானம் அனுமதி பெறாமல், தெரியாமலே நுழைந்துவிட்டது. அதில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. 1200 என்றுதான் கத்திக்கொண்டிருந்தது. ஆனால், உயரத்தைச் சொல்லும் வசதி அதில் இல்லை. உயரம் தெரியாவிட்டால் மோதல் வரும் என்று கம்ப்யூட்டராலும் எச்சரிக்க முடியாது. அந்த நேரத்தில் கன்ட்ரோலர், இதே மாதிரி அனுமதியில்லாமல் நுழைந்த வேறொரு குட்டி விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பைப்பரைத் தன் திரையில் பார்க்கவே இல்லை என்று பிறகு சொன்னார்.

பகல் 11.52. சுமார் 6,500 அடி உயரத்தில், ஜெட்டின் வாலில் குட்டி விமானம் மோதியது. ஜெட் செரிடோஸ் என்ற ஊரின் வீடுகள் மேல் விழுந்தது. ஜெட்டில் இருந்த 64 பேர், குட்டி விமானத்தில் 3 பேர், வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துக்கொண்டிருந்த 15 பேர் என மொத்தம் 82 பேர் போய்விட்டார்கள். இரண்டு விமானத்து பைலட்டுகளும் எதிரே வந்ததைப் பார்த்ததற்கான அடையாளமே இல்லை.

இதன் பிறகுதான் சட்டங்கள் வேகமாக வந்தன. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்துக்குள் பறக்க வேண்டுமானால் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயம் என்றார்கள். 30 சீட்டுக்கு மேலுள்ள பயணிகள் விமானங்களில் ‘டிகேஸ்’ என்ற மோதல் தடுப்புக் கருவி 1993-க்குள் வேண்டும் என்றார்கள். இந்த டிகேஸ் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? பக்கத்தில் வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரிடம் அதுவே ‘யாரது, எவ்வளவு உயரம்?’ என்று கேட்கும். பதில் வந்தால்தான் பைலட்டிடம் ‘ஏறு’, ‘இறங்கு’ என்று சொல்லும். டிரான்ஸ்பாண்டர் இல்லாத விமானம் அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதாவது, ஒரு பல் டாக்டர் தன் செஸ்னாவில் வைத்திருக்கும் பெட்டி, தனக்குப் பக்கத்தில் பறக்கும் ஜெட்டில் உட்கார்ந்திருக்கும் 200 பேருக்கும் சேர்த்துத்தான்.

உயரம் தெரியாத ரேடார் என்ன செய்யும் என்பது நமக்கும் தெரிந்த சோகம்தான். 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானத்தில் சவுதி ஜம்போவும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அன்று டெல்லி கன்ட்ரோலர் பயன்படுத்திய ரேடார் உயரத்தைக் காட்டாத பழைய வகை. விமானம் சொன்ன உயரத்தை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

கேட்காமலே சொல்!

இதற்கு அடுத்த படிதான் ஏடிஎஸ்-பி. பழைய பெட்டி, கேட்டால்தான் பதில் சொல்லும். புதியது யாரும் கேட்கக் காத்திருக்காது. ஊட்டி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போகும் பஸ் மாதிரி. எதிரே யாராவது வருகிறார்களா, இல்லையா என்பது டிரைவருக்குத் தெரியாது. ஆனாலும் அடிப்பார். ஏடிஎஸ்-பி விமானம் ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தைக் கண்டுபிடித்து, நொடிக்கு ஒருமுறையாவது அதை அறிவித்துக்கொண்டே போகிறது.

2010-ல் அமெரிக்காவின் எஃப்ஏஏ ஒரு விதியை வெளியிட்டது. 2020 ஜனவரி 1 முதல் முக்கியமான வான்வெளிகளில் பறக்கும் எல்லா விமானங்களிலும் இந்த வசதி வேண்டும். பத்து வருட அவகாசம். நம்மூரில் ஆதாரை பான் கார்டோடு இணைக்கச் சொன்னபோது என்ன செய்தோமோ, அதையேதான் அமெரிக்க பைலட்டுகளும் செய்தார்கள். ‘விலை குறையட்டும்’, ‘எப்படியும் தேதியைத் தள்ளிப்போடுவார்கள்’ என்று காத்திருந்தார்கள். தேதி தள்ளிப்போகவில்லை.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு சீட் பழைய செஸ்னா 150 ஒன்று 20,000, 25,000 டாலருக்குக் கிடைத்தது. அதில் 4,000, 5,000 டாலரை ஒரு பெட்டிக்குக் கொட்டு என்றால்? நம் பணத்தில் லட்சக்கணக்கான ரூபாய். விமானம் முன்பைவிட வேகமாகவும் போகாது, கூடுதலாக ஒருவரை ஏற்றவும் முடியாது. ‘வேலை செய்கிற பெட்டியை ஏன் மாற்ற வேண்டும்?’ என்ற கேள்வி எந்தக் குடும்பத்திலும் வரக்கூடியதுதானே? கடைசியில் அரசே இறங்கி வந்தது. ஒற்றை இன்ஜின் விமானம் வைத்திருக்கும் 20,000 பேருக்குத் தலா 500 டாலர் தள்ளுபடி அறிவித்தது.

மலிவான வழி ஒன்றும் வந்தது. அது எனக்கு ரொம்பப் பிடித்த சமாசாரம். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு இருக்கும் அல்லவா? அதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஸ்கைபீக்கன் என்ற புது விளக்கை மாட்டிவிடலாம். ஜிபிஎஸ்ஸும் டிரான்ஸ்மிட்டரும் அந்த விளக்குக்குள்ளேயே இருக்கின்றன. டேஷ்போர்டில் இருக்கும் பழைய டிரான்ஸ்பாண்டர் கத்தும்போது, விமானத்தின் மின்கம்பியில் ஏற்படும் சின்ன அதிர்வைக் கவனித்தே அது குறியீட்டையும் உயரத்தையும் தெரிந்துகொள்கிறது. செட்டிங்கை மொபைல் ஆப்பிலேயே செய்துவிடலாம். வந்த புதிதில் விலை 2,000 டாலருக்குள் இருந்தது. ஆனால் இது 978 மெகாஹெர்ட்ஸில் பேசும் வகை. அமெரிக்காவுக்குள், 18,000 அடிக்குக் கீழே மட்டும்தான் செல்லும். கனடா, மெக்ஸிகோ பக்கம் பறக்கிறவர்களுக்கு 1090-ல் பேசும் முழு டிரான்ஸ்பாண்டர்தான் சரி.

கொட்டகைக்குள் 10,000 அடி

முழுப் பெட்டியையே மாற்றுவது என்று முடிவெடுத்தால் வேலை என்ன? காரில் மியூசிக் சிஸ்டம் மாற்றுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

பழைய பெட்டியை உருவி எடுப்பது ஐந்து நிமிட வேலை. டிரிக் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெட்டி, கேடி 76ஏ உட்கார்ந்திருந்த அதே கூட்டில் அப்படியே நுழையும்படி செய்யப்பட்டது. ஆனால் அதற்கு ஜிபிஎஸ் தகவல் வேண்டும். மொபைலில் இருக்கிற சாதா ஜிபிஎஸ் போதாது. செயற்கைக்கோள் திருத்தங்களையும் சேர்த்து வாங்கும் துல்லியமான வகை வேண்டும். அதற்காக விமானத்தின் கூரையில் ஓட்டை போட்டு ஆன்டெனா வைக்க வேண்டும். ஐம்பது வருட அலுமினியத் தகட்டில் டிரில்லை வைக்கும்போது உரிமையாளர் வெளியே போய் நின்றுகொள்வது உடம்புக்கு நல்லது.

டிரான்ஸ்பாண்டரின் ஆன்டெனா வயிற்றுப் பக்கம் இருக்கிறது. ஏழு சென்டிமீட்டர் குச்சி அல்லது சுறா துடுப்பு மாதிரி ஒரு சின்னத் தகடு. இன்ஜினிலிருந்து ஒழுகும் எண்ணெய் முழுக்க அங்கேதான் படியும். ஆயிரக்கணக்கான டாலருக்குப் பெட்டி வாங்கிவிட்டு, குச்சியைத் துடைக்காமல் ‘சிக்னல் வரலை’ என்று புலம்புகிறவர்களும் உண்டு.

அடுத்து உயரம். விமானத்தின் உடம்பில் சின்னத் துளை ஒன்று உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் அது வழியாகக் குழாயில் வந்து, உயரம் காட்டும் அல்டிமீட்டருக்கும், டிரான்ஸ்பாண்டருக்கு உயரம் சொல்லும் என்கோடருக்கும் போகிறது. அதைச் சோதிக்க மெக்கானிக் ஒரு பம்பை மாட்டி, குழாயிலிருந்து காற்றை மெதுவாக உறிஞ்சுவார். விமானம் கொட்டகையிலேயே நிற்கும். டயருக்கு அடியில் வைத்த கட்டைகூட அசையாது. ஆனால், அல்டிமீட்டர் முள் 1,000, 5,000, 10,000 அடி என்று ஏறிக்கொண்டே போகும்! பைலட் பார்க்கும் உயரமும், பெட்டி வெளியே சொல்லும் உயரமும் 125 அடிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. டிரான்ஸ்பாண்டரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதித்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

பிறகு பெயர் வைப்பு. உலகத்தின் ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் முகவரி ஒன்று தனியாக இருக்கிறது. அதை மெக்கானிக் பெட்டிக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒரு எழுத்து மாறினால் உங்கள் விமானம் வேறு யாரோ ஒருவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு பறக்கும்.

எல்லாம் முடிந்து, லாக் புத்தகத்தில் கையெழுத்தானதும் சோதனைப் பறப்பு. அதற்குப் பிறகு எஃப்ஏஏ இணையதளத்தில் விமான எண்ணைக் கொடுத்தால், அன்று உங்கள் பெட்டி ஒழுங்காகப் பேசியதா என்று ஈமெயிலில் ரேங்க் கார்டு வரும். தப்பு எதுவும் இருந்தால் சிவப்பு. அறுபது வயது ஆட்கள்கூட பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது போல அதற்குக் காத்திருப்பார்கள்.

செலவு செய்தவர்களுக்குக் கைமேல் ஒரு பலனும் இருந்தது. சின்ன ரிசீவர் ஒன்றை ஐபேடோடு சேர்த்தால் சுற்றியுள்ள விமானங்கள் திரையில் தெரியும். வானிலை படமும் இலவசமாக வரும். அந்த மழைப் படம் சில நிமிடங்கள் பழையது. அதைப் பார்த்து இரண்டு இடிமேகத்துக்கு நடுவே சந்து தேடிப் போவது தற்கொலைக்குச் சமம்.

புதுசு என்றால் நல்லதா?

2019 மே 13, அலாஸ்காவின் கெட்சிகன். சொகுசுக் கப்பலில் வந்த பயணிகளுக்கு இயற்கைக் காட்சி காட்டப்போன இரண்டு மிதவை விமானங்கள் திரும்பி வரும்போது மோதிக்கொண்டன. 6 பேர் இறந்தார்கள், 10 பேர் பிழைத்தார்கள். இரண்டு விமானங்களிலும் ஏடிஎஸ்-பி கருவிகள் இருந்தன!

விசாரணையில் தெரியவந்தது இது. அரசுத் திட்டத்தின் கீழ் அலாஸ்கா விமானங்களுக்கு முன்பே தரப்பட்ட பழைய கருவி, வேறு விமானம் நெருங்கினால் சத்தம் போட்டு எச்சரிக்கும். அதை மாற்றிப் புதுக் கருவி பொருத்தியபோது அந்தச் சத்தம் போய்விட்டது. திரையில் தெரியும், ஆனால் குனிந்து பார்த்தால்தான். இன்னொரு கொடுமை, பெரிய விமானத்தில் ஒரு சுவிட்ச் அணைந்திருந்ததால் அது தன் உயரத்தை ஒலிபரப்பவில்லை. அதனால் சின்ன விமானத்தின் ஐபேடும் எச்சரிக்க முடியவில்லை. செரிடோஸ் நடந்து 33 வருடம் கழித்து, மறுபடியும் உயரம் விட்டுப்போயிருந்தது.

பழைய பெட்டியைக் கழற்றும் முன் அது என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று உட்கார்ந்து எழுதி வையுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். புதுப் பெட்டியின் விளம்பரத்தில், அது எதைச் செய்யாது என்று யாரும் போடுவதில்லை.

இன்னொரு வருத்தமும் உரிமையாளர்களுக்கு உண்டு. கேட்காமலே கத்துகிற கிளியின் பேச்சை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எலான் மஸ்க்கின் ஜெட் எங்கே போகிறது என்று ஒரு கல்லூரி மாணவர் தொடர்ந்து பதிவிட்டு, 2022-ல் அவருடைய ட்விட்டர் கணக்கே முடக்கப்பட்ட கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். சாதாரண செஸ்னாக்காரர்களின் பிரச்னை வேறு. சில சிறு விமான நிலையங்கள் இந்தச் செய்தியை வைத்தே, ‘நீங்கள் இத்தனை முறை இங்கே இறங்கினீர்கள்’ என்று வீட்டுக்குப் பில் அனுப்பத் தொடங்கின. ‘பாதுகாப்புக்கு என்று சொல்லி எங்கள் காசில் வைக்கச் சொன்னீர்கள், இப்போது அதை வைத்தே வசூலா?’ என்று ஏஓபிஏ என்ற உரிமையாளர்-பைலட்டுகள் சங்கம் சண்டை போடுகிறது. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. பில்லுக்குப் பயந்து நாலு பேர் பெட்டியை அணைத்துவைத்தால் நஷ்டம் யாருக்கு?

சட்டத்தில் ஒரு சின்ன விலக்கும் இருக்கிறது. பைப்பர் கப் போன்ற 1940-களின் விமானங்களில் மின்சாரமே கிடையாது. புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். இவற்றுக்கும், கிளைடர்களுக்கும், பலூன்களுக்கும் பல இடங்களில் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமில்லை. ஆகவே, ஐயாயிரம் டாலர் செலவழித்து, ரேங்க் கார்டில் ஒரு சிவப்புகூட இல்லாமல் பாஸாகி, ஐபேடில் ஒரு விமானமும் தெரியாத தெளிவான காலை நேரத்தில் நீங்கள் பறந்துகொண்டிருக்கும்போது, மஞ்சள் நிறக் கப் ஒன்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாவகாசமாக உங்கள் எதிரே வரலாம். அதைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.